பெற்றவர் கைக்கு வர வேண்டிய அறிக்கை

(திருவண்ணாமலை மாவட்டம் வேங்கிக்காலில் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள், இளம் பெற்றோர், சட்டம் பயிலும் மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் 2025ஆம் ஆண்டு தடய மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2008 ஏப்ரல் 23ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அவர்கள் இருந்திருந்தால் இந்த ஆண்டு முதல் ஓட்டுப் போடும் வயது. ஊசி நிறுத்தி வைக்கப்பட்டது, மருந்தின் மாதிரிகள் சோதனைக்குப் போயின, விசாரணைகள் நடந்தன. பிறகு ஊருக்குள் அங்கன்வாடியிலும் மரத்தடியிலும் நர்சம்மா வந்து ஊசி போடும் வழக்கத்தையே மாற்றி, ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளையும் முறையாகப் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 80.9. பத்தாண்டு கழித்து, 2015-16இல், அது 69.7. மறுபடி 89.2க்கு ஏற 2019-21 கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அந்த ஏப்ரல் மாதமும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

இந்தக் கூட்டத்துக்கு நான் வந்தது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். இன்றைக்கும், நாளைக்கும், ஊசி போட்டபின் ஒரு குழந்தை இறந்துபோனால், அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டா என்று விசாரித்து, முடிவைப் பெற்றவர் கையில் எழுத்தாகக் கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. வழிகாட்டு நெறிகள் உண்டு, குழுக்கள் உண்டு, படிவங்கள் உண்டு. சட்டம் இல்லை. அந்தச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும், இயற்ற அதற்கு அதிகாரமும் இருக்கிறது என்பதே என் பேச்சு.

நான் தடய மருத்துவம் படித்து அதையே தொழிலாகக் கொண்டவன். தடுப்பூசியை முழுக்க நம்புகிறவன். என் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் பேச வந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு 13 சிசு மரணம். அப்படியானால் ஒரு வயது முடிவதற்குள் நாம் இழக்கும் பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல். குறைமாதம், பிறவி இதயக் கோளாறு, நிமோனியா, பால் புரையேறுதல் என்று காரணங்கள் ஆயிரம். இதே ஒரு வயதுக்குள்தான் பிறந்தவுடன், ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று ஊசியும் போடுகிறோம். ஊசிக்கும் சாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும், சில சாவுகள் ஊசி போட்ட மறுநாள் விழத்தான் செய்யும். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற தாய்க்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். "நேத்து ஊசி போட்டோம், இன்னைக்குப் போயிடுச்சு" என்று அவள் சொல்வாள். அவள் கேட்பது அவள் பிள்ளையின் கதையை, மாநிலத்தின் சராசரியை அல்ல. அந்த ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய வழி உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அது உடற்கூறாய்வு, நாம் போஸ்ட்மார்ட்டம் என்று சொல்வது.

போஸ்ட்மார்ட்டம் என்றதும் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "பச்சப் புள்ளைய அறுக்கணுமா?" என்பார்கள். மேசையருகில் நின்றவன் என்ற முறையில் அங்கே என்ன தேடுகிறோம் என்று சொல்கிறேன், சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஊசி போட்ட இடத்தைச் சுற்றியுள்ள தோலையும் தசையையும் பார்க்கிறோம். சீழ் கட்டியிருந்தால் மருந்தில் கிருமி கலந்த சந்தேகம் வரும். குரல்வளையைப் பார்க்கிறோம். அது வீங்கி மூச்சுப் பாதை அடைத்திருந்தால் கடும் ஒவ்வாமை, அதாவது அனபிலாக்சிஸ், நினைவுக்கு வரும். தொடையிலுள்ள பெரிய இரத்தக்குழாயிலிருந்து இரத்தம் எடுத்து டிரிப்டேஸ் என்ற பொருளின் அளவைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும் அல்லது விலகும். அந்த இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தால் நம்பலாம், நாள் கடந்தால் நம்ப முடியாது. இதயத்தின் அறைகளுக்கு நடுவே பிறவி ஓட்டை இருக்கிறதா, நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதா, மூச்சுக்குழாயில் பால் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் விரல்நகம் அளவு துண்டு எடுத்து ஃபார்மலினில் போட்டு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். வயிறும் கல்லீரலும் வேதியியல் பகுப்பாய்வுக்குப் போகும். கவனமாகத் தைத்துத் துடைத்துத் துணி சுற்றிக் கொடுத்தால், பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. அப்படிக் கொடுக்க வேண்டியது மருத்துவரின் கடமை. எல்லா இடத்திலும் அப்படிக் கொடுக்கிறார்களா என்றால், இல்லை. அந்தக் குறையையும் சட்டம்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, உடலை ஆய்ந்துவிடச் சொல்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் செவிலியர்களுக்கு இன்னொரு கெடுவும் தெரியும். கலக்கிய தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. மீதமான புட்டியை 48 மணி நேரமோ அடுத்த ஊசி நாள் வரையோ, எது முந்தியதோ அதுவரை வைத்திருந்து பிறகு அப்புறப்படுத்த வேண்டும். அந்தப் புட்டிதான் சாட்சி. நம் ஊர்களிலோ கைக்குழந்தை இறந்தால் பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுகிறோம். அன்று மாலை உடல் மண்ணுக்குப் போகும், இரண்டு நாளில் புட்டியும் குப்பைக்குப் போகும். அதன்பிறகு தாசில்தாரை வைத்துத் தோண்டி எடுத்தாலும் கிடைப்பது கொஞ்சம்தான்.

சமோவா என்று பசிபிக் கடலில் ஒரு சிறிய தீவு நாடு இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம். நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2018 ஜூலையில் அங்கே ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில், தட்டம்மையைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்தன. பொடியாக வரும் மருந்தில் கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் காலாவதியான ஒரு மருந்தைச் செவிலியர்கள் கலந்துவிட்டார்கள். தடுப்பூசியில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அரசு நாடு முழுவதும் எம்.எம்.ஆர். ஊசியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது. என்ன நடந்தது என்பது மக்களுக்குத் தெளிவாகச் சேரவில்லை, வதந்தி மட்டும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. 2019இல் அந்த இரண்டு செவிலியர்களுக்கும் ஐந்தாண்டுச் சிறை. அதே ஆண்டின் கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இரண்டு சாவு எப்படி எண்பத்து மூன்றானது என்பதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். கிருமி பாதிதான் காரணம். காரணத்தை உடனே கண்டுபிடித்து, பெற்றவரிடம் முதலில் சொல்லி, பிறகு ஊருக்குச் சொல்லாமல் விட்டது மறுபாதி.

2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியிலும் இதேதான் நடந்தது. தட்டம்மை மருந்தைக் கலக்கும் நீருக்குப் பதில் அட்ராகூரியம் என்ற தசைத் தளர்ச்சி மருந்து சேர்ந்து 15 குழந்தைகள் இறந்தன. அட்ராகூரியம் உடலின் சூட்டிலேயே தானாகச் சிதைந்துவிடும் மருந்து. தாமதித்தால் தடயம் கரைந்துபோகும். புட்டிகளும் அட்டைப்பெட்டிகளும் பத்திரமாக இருந்தால்தான் பிழை எங்கே என்று தெரியும். ஒரே குளிர்பெட்டியில் இரண்டு மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று உங்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விரைவான ஆய்வு தடுப்பூசிக்கே உதவிய கதையும் உண்டு. 2021 மார்ச்சில் நார்வேயில், ஆஸ்ட்ராஜெனெகாவின் கொரோனா ஊசி போட்ட சில சுகாதாரப் பணியாளர்களுக்கு இரத்தம் உறைந்தது, சிலர் இறந்தார்கள். ஆஸ்லோ மருத்துவர்களும் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர் குழுவினரும் சில வாரங்களிலேயே அதன் வழிமுறையைப் பிடித்துவிட்டார்கள். இரத்தத் தட்டணுக்களை ஒட்டவைக்கும் ஒரு நோய் எதிர்ப்பொருள்தான் காரணம் என்று தெரிந்தது. தெரிந்ததும் சிகிச்சையும் வந்தது, பல நாடுகள் இளையோருக்கு வேறு ஊசி கொடுத்தன. உண்மை வெளியே வந்ததால் தடுப்பூசித் திட்டம் நாசமாகிவிடவில்லை.

நம் நாட்டில் இருக்கும் ஏற்பாடு என்ன? தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகங்களைக் கண்காணிக்க மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று மட்டத்தில் குழுக்கள் உள்ளன. ஏ.இ.எஃப்.ஐ. என்று நீங்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். மத்திய அரசின் 2015 வழிகாட்டு நெறிகளில் முதல் படிவம், பூர்வாங்க விசாரணைப் படிவம், இறுதி விசாரணைப் படிவம் என்று வரிசையும் கெடுவும் இருக்கின்றன. உடற்கூறாய்வுக்குக் குடும்பம் சம்மதிக்காவிட்டால் வீட்டாரிடம் கேட்டு எழுதும் வாய்மொழி விசாரணைக்கும் படிவம் இருக்கிறது. கடைசியில் நிபுணர் குழு அந்தச் சாவை ஒரு வகையில் சேர்க்கும். மருந்தின் தன்மையால் வந்தது, மருந்தின் தரக்குறையால் வந்தது, போட்ட முறையின் பிழை, பதற்றத்தால் வந்தது, முடிவு செய்ய முடியாதது, தற்செயலாய் உடன் நிகழ்ந்தது. இவற்றுக்கெல்லாம் அப்பால் கடைசியாக ஒரு பெட்டி: போதிய தகவல் இல்லாததால் வகைப்படுத்த இயலாதது. உடற்கூறாய்வு நடக்காத சாவுகள் போய் விழுவது பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான். கோப்பு மூடப்படும். நல்ல அமைப்பு என்றே இதைச் சொல்வேன், பல நாடுகளில் இதுகூட இல்லை. ஆனால் இந்த வரிசை முழுவதும் அலுவலரிடமிருந்து அலுவலருக்குப் போகிறது. பெற்றவர் அதில் தகவல் கொடுப்பவர் மட்டுமே. தகவல் பெறும் உரிமை அவருக்குச் சட்டத்தால் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

2021இல் கொரோனா ஊசிக்குப் பின் இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கேட்டவற்றில் இழப்பீடும் இருந்தது. பத்திரிகைகள் அதையே பெரிதாகப் போட்டன. எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு கோரிக்கை. சுதந்திரமான மருத்துவக் குழு விசாரிக்க வேண்டும், உடற்கூறாய்வு அறிக்கையையும் விசாரணை அறிக்கையையும் குறித்த காலத்துக்குள் எங்களிடம் தர வேண்டும் என்று கேட்டார்கள். மகளின் சாவறிக்கையைக் கேட்டு ஒரு தகப்பனும் தாயும் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் மத்திய அரசு தாக்கல் செய்த பதிலில், ஊசி கட்டாயமில்லை, பாதிக்கப்பட்டோர் சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று இருந்தது. அதே பதிலில் உள்ள எண்ணிக்கையையும் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அதுவரை 219 கோடிக்கு மேற்பட்ட தவணைகள் போடப்பட்டிருந்தன, பதிவான பாதகங்கள் 92,114, அவற்றில் கடுமையானவை 2,782. எவ்வளவு சிறிய பங்கு! இவ்வளவு சிறிய எண்ணிக்கை என்றால், அந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி விளக்கம் சொல்ல நம்மால் முடியாதா?

அதே ஆண்டு மே 2ஆம் தேதி, ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று சொன்னதோடு, பாதகங்களைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் தாமே பதிவுசெய்ய இணையவழி வசதி வேண்டும், அந்தரங்கம் காத்து அவற்றைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவு செய்கிறவருக்குப் பதில் வர வேண்டுமே.

நடிகர் விவேக்கை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோருக்கும் முன்மாதிரியாகக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். இதயத்தின் முக்கிய இரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசி காரணமல்ல என்று மருத்துவர்களும் சுகாதாரச் செயலாளரும் உடனே விளக்கினார்கள். சொன்னது உண்மைதான். அந்த அக்டோபரில் தேசியக் குழுவும் ஆய்ந்து, ஊசிக்குத் தொடர்பில்லாமல் உடன் நிகழ்ந்தது என்றே முடிவு சொன்னது. ஆனாலும் அந்த ஆறு மாதமும் டீக்கடையில் என்ன பேசினார்கள்? ஊசி போட்டவர்களே ஊசி காரணமில்லை என்றால் யார் நம்புவார்கள் என்று பேசினார்கள். தெரிந்த முகத்துக்கே இது என்றால், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் இறந்த பிள்ளைக்கு எந்தச் செயலாளர் வந்து விளக்கப் போகிறார்? விசாரிப்பவர் வேறு, ஊசி போட்டவர் வேறு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகப் பேசுகிறேன். இப்போது ஒரு குடும்பம் போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று நினைத்தால் வழி என்ன? போலீஸ். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174. சாவின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் காவல் அதிகாரி உடலை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுத வேண்டும். புகார் யார்மேல்? நேற்றுவரை வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்த நர்சம்மாமேல். அறிக்கையோ காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகும், வீட்டுக்கு வர அலைய வேண்டும். பல பெற்றோர் புகாரே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஊசிமேல் உள்ள சந்தேகம் மட்டும் மனசிலேயே தங்கிவிடும். அடுத்த பிள்ளைக்கு ஊசி போட மாட்டார்கள், தங்கச்சியின் பிள்ளைக்கும் போட வேண்டாம் என்பார்கள்.

வேறு சாவுகளில் நம் சட்டம் குடும்பத்தை இப்படி வெளியே நிறுத்தவில்லை. காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும். பெயரும் முகவரியும் தெரிந்த உறவினருக்கு இயன்றவரை தகவல் சொல்லி, விசாரணையில் உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்று பழைய சட்டத்தின் 176ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், காவல் மரணங்களில் உடற்கூறாய்வைக் காணொளியாகப் பதிவுசெய்வது, ஆய்வுக்கு முன்னும் பின்னும் குடும்பத்தார் உடலைப் பார்ப்பது, அறிக்கையை அவர்களுக்குத் தருவது பற்றியெல்லாம் விரிவாக ஆணையிட்டார். அரசின் பொறுப்பில் இருந்தபோது ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். அரசு போட்ட ஊசிக்குப் பின் இறந்த பிள்ளைக்கும் இந்த நியாயம் பொருந்தாதா?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தத்தால், சாவின் காரணம் பற்றிய மருத்துவச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. ஒரு படி முன்னேற்றம். ஆனால் அந்தச் சான்று ஊசி பற்றிப் பேசாது.

நம் மாநிலத்தில் எனக்கு மிகவும் பெருமை தரும் ஒரு வழக்கம் தாய் மரண விசாரணை. 1990களில் தொடங்கினோம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். வீட்டுக்குப் போய் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு வலி வந்தது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று கேட்டு எழுதுவார்கள். பிறகு கலெக்டர் தலைமையில் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு இறந்தவரின் வீட்டாரையும் அழைத்துப் பேசவைக்கிறார்கள். மருத்துவர்கள் எதிரே உட்கார்ந்து, கணவனோ மாமியாரோ "மூணு மணி நேரம் யாரும் பாக்கல" என்று சொன்னால் அது பதிவாகும். குற்றவாளியைத் தேடும் கூட்டம் அல்ல அது, ஓட்டையைத் தேடும் கூட்டம். 2001-03இல் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 134 என்றிருந்த தாய் மரணம் 2018-20இல் 54க்கு இறங்கியது. இரத்த வங்கி, 108 ஆம்புலன்ஸ், இருபத்து நான்கு மணி நேரப் பிரசவ நிலையங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. எங்கே ஓட்டை என்று காட்டியதில் இந்த விசாரணைகளுக்குப் பங்கு உண்டு. இங்கே வேங்கிக்காலிலுள்ள கலெக்டர் அலுவலகத்தில் ஒரு தாயின் சாவுக்குக் குடும்பத்தை உட்காரவைத்துப் பேச முடியும் என்றால், ஒரு பிள்ளையின் சாவுக்கும் முடியும்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று ஒரு மாணவர் வரும்போதே கேட்டார். பொது சுகாதாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் ஆறாவது இனம். 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அம்மை குத்துவதைப் பற்றி அதில் தனி விதிகள் இருந்தன. ஊசி போடச் சட்டம் போட்ட மண்ணில், ஊசிக்குப் பின் இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டம் போடுவது அந்நியமான காரியமல்ல. புதிய சட்டம் வேண்டாம் என்றால் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்தாலே போதும். பிற நாட்டு முன்மாதிரி வேண்டுவோருக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் சாவு விசாரணை மாநிலச் சட்டத்தின்படி நடப்பது. கலிபோர்னியாவில் ஒரு சிசு திடீரென, எதிர்பாராமல் இறந்தால் 24 மணி நேரத்துக்குள், அல்லது அதன்பின் இயன்ற விரைவில், உடற்கூறாய்வு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இழப்பீடு தனிக் கதை. ஜெர்மனி 1961லும் பிரிட்டன் 1979லும் அதற்குச் சட்டம் செய்தன. இன்று நான் அதற்குள் போகவில்லை. காரணம் தெரியாத இடத்தில் இழப்பீட்டை எதை வைத்து அளப்பது?

சட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான எண்ணம் உண்டு. ஊசி போட்ட 28 நாளுக்குள் ஒரு சாவு நடந்து, மருத்துவருக்கோ குடும்பத்துக்கோ சந்தேகம் வந்தாலே சட்டம் உயிர் பெற வேண்டும். ஒரு பொறுப்பு அலுவலர் அன்றைக்கே வீட்டுக்கு நேரில் போய், தமிழில் எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அதில் எந்த ஊசி, எந்தத் தொகுதி எண், யார் விசாரிக்கிறார், அவர் தொலைபேசி எண் என்ன, குடும்பத்துக்கு என்னென்ன உரிமை என்று இருக்க வேண்டும். மருந்துப் புட்டி, கலப்பு நீர்ப் புட்டி, சிரிஞ்சு எல்லாவற்றையும் முத்திரையிட்டு வைத்தது பற்றிய ரசீதும் அவர்களிடம் போக வேண்டும். உடற்கூறாய்வு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், தடய மருத்துவரும் குழந்தை நோய்க்கூறு தெரிந்தவரும் சேர்ந்து, போலீஸ் புகார் இல்லாமலேயே செய்யத்தக்கதாக வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை வந்து திரும்ப வண்டிச் செலவை எந்தத் தகப்பனும் கையிலிருந்து கொடுக்கக் கூடாது. இலவச அமரர் ஊர்தி ஏற்கெனவே இருக்கிறது, அதை இதற்கும் சட்டக் கடமையாக்கினால் போதும். 2021 நவம்பரில், வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகும் உடற்கூறாய்வு செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்துவிட்டது. ஆகவே மாலையில் கொண்டுவந்த பிள்ளையை இரவோடு இரவாகத் திருப்பிக் கொடுக்க முடியும்.

அறுக்காமல் செய்ய வழியில்லையா என்று கேட்பார்கள். ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்க்கும் முறை சில நாடுகளில் நடக்கிறது. டெல்லி எய்ம்ஸில் 2021 மார்ச்சில் சி.டி. ஸ்கேன் கொண்டு செய்யும் உடற்கூறாய்வு தொடங்கியது. விபத்தில் உடைந்த எலும்பை ஸ்கேன் நன்றாகக் காட்டும். ஒவ்வாமையை அதனால் காட்ட முடியாது. முழு ஆய்வு வேண்டாம் என்னும் குடும்பத்துக்கு இரத்தமும் திசுவும் மட்டும் எடுக்கும் வாய்ப்பையாவது சட்டம் தர வேண்டும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

செவிலியர் சகோதரிகளே, இந்தச் சட்டம் உங்களுக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். இப்போது ஏதாவது நடந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆவது நீங்கள்தானே? பயத்தில் புட்டியை ஒளித்துவைக்கத் தோன்றும், அதில் தவறு காண என்னால் முடியவில்லை. காரணத்தைக் கண்டறியும் விசாரணையில் நீங்கள் சொன்ன வாக்குமூலத்தை உங்கள்மேல் கிரிமினல் வழக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் உறுதி தர வேண்டும். மருத்துவர்மேல் குற்றவழக்குத் தொடரச் சுதந்திரமான மருத்துவக் கருத்து வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிராமச் செவிலியருக்கும் அந்தக் காப்பு எழுத்தில் வேண்டும். பெரும்பாலான சாவுகளில் உடற்கூறாய்வு உங்களை விடுவிக்கும். பிறவி இதயக் கோளாறு என்று அறிக்கை வந்தால், அதே தாய் அடுத்த மாதம் உங்களிடம் இன்னொரு பிள்ளையைத் தூக்கி வருவாள்.

இது அவசரம் என்று நான் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆண்டு மார்ச்சில் வைத்த நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மிக நல்ல திட்டம். என் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் அந்தப் புற்றுநோயில் போனார்கள். ஆனால் இதே ஊசியின் கதை 2010இல் இந்தியாவில் எப்படி முடிந்தது தெரியுமா? அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்தது. ஊசி போட்ட சிறுமிகளில் ஏழு பேர் வெவ்வேறு காரணங்களால் இறந்தார்கள். ஊசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்கு வார்டன்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தது வெளிவந்தது. பெற்றவர்களைக் கேட்கவில்லை, பிறகு அவர்களுக்கு விளக்கவும் இல்லை என்ற கோபத்தில் திட்டமே நின்றது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக எழுதியது. அதற்குப் பிறகு அந்த ஊசி அரசுத் திட்டமாக இந்தியாவில் பரவப் பல்லாண்டு தாமதம். அந்தத் தாமதத்தில் போன உயிர்களை யார் எண்ணினார்கள்? இம்முறை, முதல் ஊசி போடும் முன்பே சட்டம் இருந்தால், எந்த மூலையில் ஒரு சிறுமி எந்தக் காரணத்தால் இறந்தாலும் அவள் வீட்டுக்கு முதலில் போவது வாட்ஸ்அப் செய்தியாக இராது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாமின்போது அந்தச் செய்திகள் செய்த வேலையை நீங்கள் பார்த்தவர்கள். முகாமின் நாளையே நீட்டிக்க வேண்டி வந்தது.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. குடும்பம் வேண்டாம் என்றால் என்ன செய்வது? ஒரு பகுதியில் ஒரே தொகுதி மருந்து போட்ட மூன்று பிள்ளைகள் ஒரே நாளில் இறந்தால், மற்றப் பிள்ளைகளைக் காக்க ஆய்வைக் கட்டாயமாக்கலாம் என்பது என் கருத்து. தனியொரு சாவில் கட்டாயம் கூடாது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் முன், ஏன் வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், போலீஸ் உடுப்பு இல்லாத ஒருவர், அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் யார், எந்தப் பதவி, யார் சம்பளம் கொடுப்பது என்பதை இந்த அரங்கிலேயே பேசி முடிவுசெய்து மனுவில் சேர்ப்போம். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை அன்று கலெக்டரிடமும், நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுக்கிறோம். செவிலியர்கள் யாராவது முதலில் பேசினால் நல்லது, அந்த வாசலில் நின்றவர்கள் நீங்கள்தான்.